குதிரைத் தொட்டிக்கு அந்தப் பக்கம்

வோர்னே ஊரில் இருபத்தாறு வருஷமாக ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை.

ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் காது கிழியக் கத்துகிறார்கள். ஆனால் அத்தனை பேரும் பிறந்தது பெல்ஜியத்தில். எங்கள் ஊர் பிரான்சிலிருந்து பெல்ஜியத்துக்குள் நீட்டிய விரல் மாதிரி. மூன்று பக்கமும் அவர்கள். பிரெஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மணி நேரம், பெல்ஜிய ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிஷம். வலி வந்த பெண் எங்கே போவாள்?

நான் அன்செல்ம், இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தின் செயலாளர். ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் பிறப்புப் பதிவேட்டைத் திறப்பேன். ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றிலும் 'பிறப்பு ஏதுமில்லை' என்று எழுதி, மேயரிடம் கையெழுத்து வாங்கி மூடுவேன். உள்ளே எல்லாம் வெள்ளைத்தாள். ஊருக்குள் பிள்ளை பிறந்தால் மாதாகோவில் பெரிய மணியைப் பதினோரு முறை அடிப்பது எங்கள் வழக்கம். அந்த மணிக்கயிற்றில் இப்போது பாடகர் குழுவினர் மழைக்கோட்டைத் தொங்கவிடுகிறார்கள்.

இந்த டிசம்பரோடு எனக்கு ஓய்வு. அதற்குள் ஒரே ஒரு பெயரையாவது அந்தப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

நவம்பர் பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு என் மகள் ஒடிலுக்கு வலி எடுத்தது. மருமகன் பெல்ஜியத்தில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். தீயணைப்பு நிலையத்து ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் என்னோடு படித்த கில்பேர். பின்னால் நர்ஸ் யோலாந்த்.

"மேட்டு ரோட்ல போகாத கில்பேர். பனி மூடிருக்கு. ஆத்தோர ரோட்டைப் பிடி."

"பனியா? இப்பதான்யா அந்த வழியா வந்தேன். பளிச்சுன்னு இருந்துச்சு."

"இப்ப விழுந்திருக்கு. நான் சொல்றேன்ல?"

பொய்தான். மேட்டு ரோடு ஒரு கிலோமீட்டரில் பெல்ஜியத்துக்குள் நுழைந்துவிடும். ஆற்றோர ரோடு அப்படியல்ல. 1820இல் எல்லை போட வந்த அதிகாரிகள் ஆற்றின் நடுவைக் கோடாக வைத்தார்கள். பிறகு ஒரு வெள்ளத்தில் ஆறு திரும்பிவிட்டது, கோடு திரும்பவில்லை. அதனால் அந்த ரோடு பெல்ஜியத்துக்குள் போய், மறுபடி ஒரு கிலோமீட்டர் பிரான்சுக்குள் வந்து, திரும்பவும் பெல்ஜியத்துக்குப் போகும். ஆறு நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான். ஒடிலுக்கு முதல் பிரசவம், அவசரமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஒருவேளை வழியிலேயே நடந்துவிட்டால்? என் மண்டையில் அது மட்டும்தான் ஓடியது.

வண்டி கிளம்பியது. ஜன்னல் வழியே எல்லைக் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"முப்பத்தொண்ணு. பெல்ஜியம் வந்தாச்சு... முப்பத்திரண்டு..."

"அப்பா, என்னத்த எண்ணுறீங்க?" ஒடில் பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ மூச்சை இழுத்து விடு. இப்ப மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எதைப் பொறுத்துக்கணும்?"

"ஐயா, கல்லை விட்டுட்டு அவங்க கையைப் பிடிங்க," என்றார் யோலாந்த். "தலை தெரியுது. கில்பேர், வண்டியை நிறுத்து!"

"நிறுத்தாத!" என்று கத்தினேன். "முப்பத்தஞ்சு தாண்டட்டும்! அதோ, அந்த வளைவு!"

"உனக்குப் பைத்தியமாய்யா?" கில்பேர் திட்டிக்கொண்டே வளைவில் திருப்பினான். முப்பத்தைந்தாம் கல் பின்னால் போனது. பிரான்ஸ்! அவன் பிரேக்கை அழுத்தி, ரோட்டோரத்துக் குதிரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான்.

ஏழு நிமிஷத்தில் என் பேத்தி பிறந்தாள். நண்பகல் பன்னிரண்டு மணி எட்டு நிமிஷம். அவள் அழுத அழுகையில் ஆற்று வாத்துகள் பறந்தன.

இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை எட்டுக்கெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். யோலாந்த் தந்த சான்றில் 'ஆற்றோர ரோடு, குதிரைத் தொட்டி அருகில்' என்று இருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். பேனாவில் புது மை ஊற்றினேன். மேயர் மதியம் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்னார். கயிற்றிலிருந்த மழைக்கோட்டுகளை எடுக்கச் சொல்லி மாதாகோவிலுக்கும் ஆள் அனுப்பினேன்.

அப்போது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் ஃபிர்மன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சால்மி ஊரின் செயலாளர். அதுவும் பிரெஞ்சு ஊர்தான், எங்களைவிடச் சின்னது. கக்கத்தில் ஒரு நீல அட்டைப் புத்தகம்.

"வாழ்த்துக்கள் அன்செல்ம். பேத்தியாமே?"

"ஆமா. இங்கதான் பொறந்தா. வோர்னேல."

"அதான் வந்தேன்." புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "அறுபத்து மூணாம் பக்கத்தைப் பாரேன்."

அது நான் எழுதிய புத்தகம். 'வோர்னே நகரின் வரலாறும் புவியியலும்.' பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இருநூறு பிரதி அச்சடித்தோம். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பிரதி என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. ஊரில் ஒருத்தர்கூடத் தொடவில்லை. போன ஒரே பிரதி இது.

புரட்டினேன். என் எழுத்து என்னையே பார்த்தது. '1868இல் துணி துவைக்கும் துறைக்கு நீரூற்று வேண்டியிருந்ததால், வோர்னே நகரம் ஆற்றோரப் புல்வெளியை, அதிலுள்ள குதிரைத் தொட்டியோடு சேர்த்து, சால்மிக்குக் கொடுத்து ஊற்றைப் பெற்றது. எல்லை தொட்டிக்கு இருபது அடி முன்பாகச் செல்கிறது.' கீழே ஒரு படம். தொட்டியில் சாய்ந்தபடி நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாட்டு எல்லைக்குக் கல் உண்டு. இரண்டு பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே கல் ஏது? ஒரு நெட்டிலிங்க வரிசை இருந்தது. அதையும் போன வருஷம் வெட்டிவிட்டார்கள். ஒரு நாட்டைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குள் வந்துவிட்ட சந்தோஷத்தில், பக்கத்து ஊரை நான் மறந்தே போனேன்.

"இருபது அடிதானே ஃபிர்மன்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "வண்டியோட பின்பக்கம் இந்தப் பக்கம் நின்னிருக்கலாம்ல?"

"கில்பேர்கிட்ட கேட்டுட்டுதான் வரேன். தொட்டிக்கு அந்தப் பக்கம்னு சொன்னான். டயர்த் தடமும் இருக்கு. நீ அளந்து பாக்கணும்னா டேப் கொண்டாந்திருக்கேன்."

"இந்தப் புத்தகத்தை யாருய்யா உன்னைப் படிக்கச் சொன்னது?"

"நல்லா எழுதிருக்க, படிச்சேன்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க ஊர்ல முப்பத்தொரு வருஷம் ஆச்சு அன்செல்ம். நீ மட்டுமா வெறும் பக்கத்துல கையெழுத்து வாங்குற?"

பேனாவை மூடினேன். வேறென்ன செய்ய? எல்லையையும் நானே எழுதி வைத்திருக்கிறேன், சாட்சியாகப் படத்தையும் ஒட்டி வைத்திருக்கிறேன். சான்றை அவர் பக்கம் தள்ளினேன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை குழந்தைக்கு எங்க ஊர்ல ஒரு வரவேற்பு வைக்கிறோம். ஒரு இருபது பிரதி குடேன். வர்றவங்களுக்குக் கொடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒடிலும் மருமகனும் குழந்தையோடு காரில் முன்னால் போய்விட்டார்கள். போவதற்கு முன் ஒடில் என்னைச் சமையலறையில் நிறுத்திக் கேட்டாள்.

"கில்பேர் மாமா சொன்னாரு. மேட்டு ரோட்ல அன்னிக்குப் பனியே இல்லையாம்."

நான் புத்தகங்களை வைக்க ஒரு பெட்டியைத் தேடினேன்.

"எனக்கு உயிர் போகுது, நீங்க கல்லு எண்ணுனீங்க. அதுவும் தப்பா எண்ணுனீங்க."

சரியாகத்தான் எண்ணினேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு, இருபது பிரதிகளைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தேன். பாதிப் பாலத்தில் சால்மி மணி அடிக்க ஆரம்பித்தது. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எண்ணினேன். பன்னிரண்டு.

அவர்கள் வழக்கமே பன்னிரண்டுதான். அதையும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.