வாசல் பக்கத்து மூட்டை

துவரை மூட்டையை அவிழ்க்காமலே தரம் பார்க்கலாம். அதற்குக் குத்தூசி இருக்கிறது: நுனி கூர்ந்து, நடுவில் குழிந்த சிறு இரும்பு. சாக்கில் குத்தி உருவினால் குழிவில் கொஞ்சம் தானியம் வரும். அதை வைத்தே முழுச் சரக்கையும் மதிப்பிடுவார்கள். வாங்க வருகிறவன் வாசல் பக்கத்து மூட்டையில்தான் குத்துவான். எனவே நல்ல மூட்டைகளை அங்கே அடுக்கிவிட்டால் போதும். தூத்துக்குடித் துறைமுகத்தில் பருப்பு இறக்குமதி செய்யும் டேவிட்சன் இதில் தேர்ந்தவர்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பா நாற்பத்தொன்பதில் மாரடைப்பில் போனவர். இவருக்குக் காரை விட்டால் நாற்காலி, நாற்காலியை விட்டால் கார். தினம் ஆட்டுக்கறி, ஒரு பாக்கெட் சிகரெட். மனைவி ஜெயஷீலா பள்ளி ஆசிரியை. ஒருநாள் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"பிளட் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டக் காட்டுங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுல கறி கெடையாது."

ரத்தம் எடுப்பவர் கிடங்குக்கு வந்த காலையில், டேவிட்சன் தன் நாற்காலியில் டிரைவர் செந்தூர்பாண்டியை உட்காரவைத்தார். அவருக்கும் அதே வயது. தினம் ஸ்பிக்நகரிலிருந்து சைக்கிளில் வருகிற ஒல்லி உடம்பு.

"ஒரு நாளாவது மொதலாளியா இருந்து பாருலே."

"ஊசி குத்துறதுக்கு மட்டுந்தான் மொதலாளியா சார்?"

"வெளிய மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்."

டேவிட்சன் பேரில் வந்த ரிப்போர்ட்டில் கொழுப்பு, சர்க்கரை எல்லாம் அளவாக இருந்தன. ஜெயஷீலா முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாள். அந்த ஞாயிறு அவளே ஈரல் வறுத்தாள்.

சாக்கடையைக் குப்பை அடைப்பதுபோல ரத்தக்குழாயைக் கொழுப்பு மெல்ல அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. அது குழாய்ச் சுவருக்குள் சேரும். அதன்மேல் மெல்லிய தோல் மூடும். ரத்தம் பாட்டுக்கு ஓடும். ஒருநாள் அந்தத் தோல் கிழியும். கையில் வெட்டுப்பட்டால் செய்வதைத்தான் உடம்பு அங்கேயும் செய்யும்: ரத்தத்தை உறையவைக்கும். சில நிமிடங்களில் குழாய் அடைந்துவிடும்.

மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும்போது, காரில் கிழிந்தது. டேவிட்சன் நெஞ்சைப் பிடித்தார். சட்டை நனைந்தது. இடது கை கனத்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா டீச்சர்?" என்றார் பாண்டி.

"என்ன பாண்டி, இப்படிப் பதறுதே? ரிப்போர்ட்டு நார்மலா இருக்குல்லா. இது கேஸ். சோடா வாங்கு."

பாண்டி கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார். முதலாளியும் அவரைப் பார்த்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் மூன்று வாரத்து ஜெபமும் கறியும் பொய்யாகிவிடும்.

"சோடாவே வாங்குலே," என்றார் டேவிட்சன்.

ஒரு வாய்தான் உள்ளே போனது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜெயஷீலா ரிப்போர்ட்டைக் காட்டினாள். "ஒரு கொறையும் இல்லாத மனுஷன். கர்த்தர் கூப்பிட்டுட்டார்."

காப்பித் தட்டோடு வந்த பாண்டியிடம் சொன்னாள்: "நீயும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துரு பாண்டி. ஒனக்கும் நாப்பத்தெட்டு ஆச்சுல்லா."

"எடுத்தாச்சு டீச்சர். எல்லாம் நார்மல்."