காலமானவருக்கு ஒரு நாற்காலி

"அண்ணி, கொஞ்சம் காலைத் தூக்குங்க. கோடு வளையுது," என்றான் ஆசகேல்.

லொவினா காலைத் தூக்கினாள். பதினான்கு வருஷமாக அவள் சமைத்த அடுக்களையின் நடுவே, கொழுந்தன் சுண்ணக்கட்டியோடு மண்டியிட்டுக் கோடு இழுத்துக்கொண்டு போனான். ஊர்ப் பெரியவர்கள் இருவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் வைக்கவேண்டிய முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் புருஷன் யோதாம் மரம் வெட்டப்போய், மரத்தின் அடியிலேயே போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. மனுஷன் உயிரோடு இருக்கும்போது யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் உயில் எழுதி வைத்திருந்தார். நிலமும் வீடும் தம்பிக்கு. பதினொரு வயது மகள் ஓர்பாளுக்குக் கார்டியனும் தம்பிதான். பெண்சாதியின் பெயர் உயிலில் ஓரிடத்தில் வந்தது, எழுத்துப்பிழையோடு. ஆனால் நியூயார்க் மாகாணத்துச் சட்டம் அவ்வளவு கல்நெஞ்சம் இல்லை. விதவை சாகும்வரை மூன்றில் ஒரு பங்கைப் புழங்கிக்கொள்ளலாம் என்று அது பெரிய மனசு பண்ணியிருந்தது. அதைத்தான் இப்போது அளந்துகொண்டிருந்தார்கள்.

"கிழக்குப் படுக்கையறை உங்களுக்கு. நிலவறையில உருளைக்கிழங்கு மூலை உங்களுக்கு. கிணத்துக்குப் போக வர வழி உண்டு," என்று ஆசகேல் படித்தான். "அடுப்பு எங்க பக்கம் விழுது. செவ்வாய்க்கிழமை மட்டும் நீங்க ரொட்டி சுட்டுக்கலாம்."

"மத்த நாள் பசிச்சா, தம்பி?"

"செவ்வாய்க்கிழமையே சேத்து சுட்டு வச்சுக்குங்க அண்ணி. அதுக்குத் தடையில்ல."

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆசகேலின் பெண்சாதி, ஓர்ப்படி தபித்தாள், ஏப்ரன் முனையால் வாயைப் பொத்தினாள். "அந்தப் பூனையை என்ன பண்றது? அதையும் மூணா வெட்டிடுங்க. தலைப்பக்கம் அக்காவுக்கு."

"நீ சும்மா இரு," என்றான் ஆசகேல். அவன் கெட்டவனில்லை. அண்ணன் இருந்தவரை அண்ணன் சொன்னதைச் செய்தான். அண்ணன் போனபிறகு காகிதம் சொன்னதைச் செய்தான். தானாக ஒன்றை யோசித்துச் செய்யும் பழக்கம் அவனுக்கு ஏற்படவே இல்லை.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டவன், போகிறபோக்கில் இன்னொன்றையும் சொன்னான். "ஓர்பாளை ஆலைக்காரர் க்ராஃப்ட் வீட்டுல விடறதாப் பேசிட்டேன். பதினெட்டு வயசு வரைக்கும் வேலைக்கு நிப்பா. சோறு, துணி அவங்க பொறுப்பு. முடிஞ்சதும் ஒரு பைபிளும் ரெண்டு கவுனும் குடுப்பாங்க. மாசக் கடைசி ஊர்க்கூட்டத்துல கையெழுத்து."

லொவினா கோட்டைத் தாண்டியே வந்துவிட்டாள். "ஏழு வருஷமா? அவ எம் பொண்ணு தம்பி! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவேணாமா?"

"கார்டியன் நான்தானே அண்ணி?" என்றான் ஆசகேல், நிஜமாகவே புரியாமல்.

அன்று மத்தியானமே அவள் மூப்பர் பெலேக்கைப் பார்க்க ஓடினாள். சபையிலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஊர்க்கூட்டத்துக்கும் அவரே தலைவர். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேச அனுமதி வேண்டும் என்று கேட்டாள்.

மூப்பர் அன்பாகச் சிரித்தார். "பொம்பளைங்க கூட்டத்துல வாய் தொறக்கிற வழக்கம் இல்லியேம்மா. உங்க வீட்டு ஆம்பளை யாராவது உனக்காகப் பேசட்டும்."

"எங்க வீட்டு ஆம்பளை ஆசகேல்தான்."

"பின்ன என்ன? நல்ல பையன். அவன்கிட்ட சொல்லு."

இந்த மூப்பர் வீட்டில்தான் புதன்கிழமை தோறும் மத்தியானம் ஆவி மேஜை நடந்தது; கேள்வி கேட்டால் செத்தவர்கள் மேஜையைத் தட்டிப் பதில் சொல்வார்களாம். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் ஆவி பேசாத ஊர் கிடையாது. ராச்செஸ்டரில் யாரோ வீட்டுச் சுவரைத் தட்டிப் பேசிய ஆவிகள், நாலைந்து வருஷத்தில் மாகாணம் பூராவும் பரவி, பேசாத மேஜை உள்ள வீட்டுக்கு மரியாதையே இல்லை என்றாகிவிட்டது. மூப்பர் வீட்டு மேஜை மட்டும் ஆறு வாரமாக வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தத்தில் அவர் மெலிந்துகூடப் போயிருந்தார். பெண்சாதி பக்கத்தில் இருந்தால் யோதாமுக்கு வழி தெரியும் என்று யாரோ சொல்ல, அந்தப் புதன்கிழமை ஆசகேல் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனான்.

எட்டுப் பேர் மேஜைமேல் கையை விரித்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். லொவினாவின் காலணி பனியில் ஊறிப்போய், விரல்கள் மரத்துவிட்டன. கொஞ்சம் உயிர் வரட்டுமே என்று வலது கால் பெருவிரலை மடக்கினாள்.

டக்!

சின்ன வயதிலிருந்தே அந்த விரல் மூட்டு அப்படித்தான். ஜெபத்தின் நடுவே சொடுக்கி, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறாள். மரத்தரையில் பட்டு அது யாரோ மேஜைக்கு அடியில் தட்டியது போலவே கேட்டது. மூப்பரின் முகத்தில் ஆறு வாரத்துக் கவலையும் ஒரே நொடியில் கரைந்தது.

"ஐயோ, அது என்னோட—" என்று ஆரம்பித்தாள் லொவினா.

"உஷ்! ஆவி பேசறப்போ பொம்பளைங்க குறுக்க பேசக்கூடாது!"

சரி என்று வாயை மூடிக்கொண்டாள். கால்விரலுக்கு அப்படியொரு தடையை யாரும் விதித்திருக்கவில்லை.

"வந்திருக்கிறது யோதாமா?" என்று மூப்பர் நடுங்கும் குரலில் கேட்டார். "ஆமான்னா மூணு தட்டு. இல்லேன்னா ஒண்ணு."

டக், டக், டக்.

"மோட்சத்துலதானே இருக்கீங்க?"

லொவினா உயிலை நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் மூன்று தட்டும் விழுந்தன.

ஆசகேலின் உதடு துடித்தது. "அண்ணே... என் மேல ஏதும் கோபமா?"

மூன்று தட்டு. அவள் விரலே வலித்தது.

"ஏண்ணே? நான் என்ன பண்ணேன்?"

இதற்குக் கால்விரலால் பதில் சொல்ல முடியாது. லொவினா கண்ணை மூடித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, ஐந்து வாரமாக நெஞ்சில் கிடந்ததைத் திறந்துவிட்டாள்.

"டேய் ஆசகேல்! தொப்பியைக் கழட்டுடா."

ஆசகேல் கழற்றினான். மேஜையைச் சுற்றியிருந்த மற்ற ஆண்களும் கழற்றினார்கள்.

"என் வீட்டு அடுக்களையில கோலம் போட உனக்கு யார்றா சொன்னது? இன்னைக்கே தொடைச்சு எடு. அடுப்பு ஏழு நாளும் உன் அண்ணிக்கு எரியணும்."

"சரிண்ணே."

"எம் பொண்ணை அடுத்தவன் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பறியா? அவ தாயோடதான் இருக்கணும். பள்ளிக்கூடம் போகணும்."

"சரிண்ணே. நீங்கதானேண்ணே உயில்ல..."

"அப்ப எனக்குப் புத்தியில்ல. இங்க வந்துதான் வந்துச்சு."

ஆசகேல் குலுங்கிக் குலுங்கி அழுதான். மூப்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன தெளிவு, என்ன நியாயம், ஆம்பளைப் பேச்சென்றால் இதுவல்லவா பேச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அடுக்களைக் கோட்டை ஆசகேல் தன் கையாலேயே கழுவிவிட்டான். ஆனால் க்ராஃப்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகையால் அண்ணன் ஊர்க்கூட்டத்துக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது என்று மூப்பர் ஏற்பாடு செய்தார்.

லொவினா காற்றில் மிதந்தபடி வீடு வந்தாள். பிள்ளை பிழைத்தது. அதோடு வாழ்க்கையில் முதல்முறையாக ஏழு பேர் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் மறுநாள் ஆப்பிள் நறுக்க உட்காரும்வரைதான் நிலைத்தது.

"அம்மா," என்றாள் ஓர்பாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா செத்தும் எனக்காக வந்து பேசினாராமே."

"ம்."

"நீ உசுரோட பக்கத்துலயே இருந்தே. ஒண்ணுமே சொல்லலியேம்மா. சித்தப்பா கோடு போட்டப்பக்கூட காலைத் தூக்கினே."

பெற்ற மகள் வாயிலிருந்து இதைக் கேட்பதற்கு அந்த மரம் தன்மேல் விழுந்திருக்கலாம் என்றிருந்தது லொவினாவுக்கு. மகளுக்குக் காதுகுத்து, கண்ணுக்கு மை என்று எதுவும் செய்கிற ஊரில்லை அது. தாய் மகளுக்குக் கொடுக்கக்கூடியது அங்கே ரொம்பக் கொஞ்சம். அவளுக்காகப் பேசிய அந்த ஒன்றையும் ஒரு செத்த மனுஷன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதுவும் மகளோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுஷன்.

மாசக் கடைசியில் ஊர்க்கூட்டம் சபைக் கட்டடத்தில் கூடியது. ஆண்கள் முன்னால், சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்த பெண்கள் பின்வரிசையில். கணப்புக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். லொவினா அதில் உட்காரப் போனாள்.

"அது யோதாமுக்கும்மா," என்றார் மூப்பர். "நீ பக்கத்துல நின்னுக்கோ."

அவள் நின்றுகொண்டு கண்ணை மூடினாள். யோதாம் வந்தார், மகள் தாயோடு இருக்கட்டும் என்றார். மூப்பர் க்ராஃப்டின் ஒப்பந்தக் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். காலியான நாற்காலியைப் பார்த்து எல்லாரும் தலைகுனிந்து நன்றி சொன்னார்கள். ஆலைக்கார க்ராஃப்டுகூட, வேண்டா வெறுப்பாக, குனிந்தார். லொவினா கண்ணைத் திறந்து பின்வரிசையைப் பார்த்தாள். ஓர்பாளும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைய.

லொவினாவால் பொறுக்க முடியவில்லை.

"அவர் வரவே இல்ல!" என்றாள், தன் சொந்தக் குரலில். "பேசினது நான். தட்டினது என் கால் கட்டைவிரல். டேய்னு கூப்பிட்டது நான், கோட்டை அழிக்கச் சொன்னது நான், பிள்ளையைக் கேட்டதும் நான்தான். இத்தனையும் என் பேச்சு!"

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. மூப்பர் மேஜையைத் தட்டினார். "உக்காரும்மா, உக்காரு. இங்க பொம்பளைங்க பேச வழியில்ல. குமாஸ்தா, அதை எழுதாதீங்க."

"நான் எழுதவே ஆரம்பிக்கலீங்க," என்றார் குமாஸ்தா.

"பாவம், துக்கம் தலைக்கேறிடுச்சு," என்றார் ஒருவர். "அவ்வளவு புத்தியான பேச்சு இவ வாயிலேர்ந்து வருமா?"

க்ராஃப்ட் விடவில்லை. "அப்படி விட்டுட முடியுமா? இவ பொய்க்காரின்னா காகிதம் செல்லும். எனக்கு அந்தப் பொண்ணு வேணும். வீட்டுல வேலைக்கு ஆளில்ல."

மூப்பர் தாடியை நீவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "இதுல என்ன குழப்பம்? யோதாம்கிட்டயே கேட்டுடலாம்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. தொப்பிகள் மறுபடி இறங்கின. "யோதாம்! பேசினது தான்தான்னு உங்க பெண்சாதி சொல்றாங்க. அது நெசமா?"

லொவினா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பொய் என்று யோதாம் சொல்லிவிட்டால் மகள் வீட்டில் இருப்பாள். ஆனால் சாகும்வரை, அப்பாதான் என்னைக் காப்பாற்றினார், அம்மா காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள் என்றே நினைப்பாள். நிஜம் என்று சொன்னால் மகளே போய்விடலாம். பின்வரிசையில் ஓர்பாள் இப்போது நாற்காலியைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லொவினா கண்ணை மூடினாள்.

"நெசம்," என்றார் யோதாம். "செத்ததுலேர்ந்து நான் ஒரு வார்த்தை பேசல. உசுரோட இருந்தப்பவும் பேசவேண்டியதைப் பேசல. நீங்க கேட்டது அத்தனையும் என் பெண்சாதி பேச்சு. அதுல ஒண்ணு தப்புன்னு சொல்ல உங்கள்ல யாருக்காவது வாய் இருக்கா? பிள்ளை அவகிட்ட இருக்கட்டும். இனிமே அவளையே பேச விடுங்க."

மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, ஆண்கள் தலையாட்டினார்கள்.

"நான் அப்பவே நினைச்சேன், அண்ணி பொய் சொல்றவங்க இல்ல," என்றான் ஆசகேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருங்க, இருங்க," என்றார் க்ராஃப்ட். "தான் பேசவே இல்லைன்னு அவரே பேசறாரே! அப்ப இப்ப பேசினது யாரு?"

"ஐயா, செத்தவங்களை எதுத்துப் பேசாதீங்க," என்றார் மூப்பர் கடுமையாக. கைதூக்கச் சொன்னார். க்ராஃப்டைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. குமாஸ்தா மையில் தோய்த்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "காலஞ்சென்ற யோதாம் அவர்கள், தம் மனைவி இக்கூட்டத்தில் பேசலாம் என்று அனுமதி அளித்தார்கள்."

"இப்ப பேசும்மா," என்றார் மூப்பர், பெருந்தன்மையாக. "புருஷன் சரின்னுட்டார்."

ஓர்பாள் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். லொவினா பேச வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையில் தபித்தாள், ரொட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மூப்பரே, எனக்கும் ரெண்டு வார்த்தை பேசணும்."

"உனக்கு எப்படிம்மா முடியும்? உன் புருஷன்தான் உசுரோட இருக்கானே." என்றார் மூப்பர்.

"தெரியும், தெரியும். வழியைத்தான் இப்பப் பாத்தேனே," என்றாள் தபித்தாள். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் புருஷன் ஆசகேலை, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஒருமுறை பார்த்தாள். "ஏங்க, அடுத்த கூட்டம் எப்பங்க?"