முழங்கை உயரம்

1

இந்தக் கதை என் முழங்காலில் தொடங்கியது. உடைந்த மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஓர் அக்காவும் தங்கையும் நடத்தும் கடை. அங்கே மேசை அவ்வளவு தாழ்வு, இடித்துக்கொண்டேன். (கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் இதுவரை யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதில்லை.)

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘சக்கர நாற்காலியில் இருந்த தங்கை, நின்று வியாபாரம் பார்க்கும் அக்காவின் கால்களைப் பொறாமையோடு பார்த்து—’

நிறுத்திவிட்டேன். தங்கை பார்க்கவே இல்லை. அவளுக்குத் தலைக்குமேல் வேலை. சக்கர நாற்காலி என்றதுமே பொறாமையை அவள் தலையில் கட்டியது என் பேனாவின் புத்தி. உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவள் அக்கா.

3

பழைய மேசை நெஞ்சளவு உயரம். அதன் பின்னால் தங்கை இருந்தால் தலை தெரியாது. அதனால் அவள் பின்னறையில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் தேய்த்தாள். அக்கா முன்னால் நின்றாள். வருகிறவர்கள், “இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்!” என்பார்கள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மேசையைக் கறையான் அரித்தது. புதிது செய்ய வந்த தச்சர், அதில் வேலை பார்ப்பவரின் முழங்கையை அளந்துதான் உயரம் வைப்பார். அன்று அக்கா சரக்கெடுக்கப் போயிருந்தாள். கடையில் இருந்த தங்கையின் முழங்கையை அளந்துகொண்டு போனார். அவளும் வாயைத் திறக்கவில்லை.

4

புது மேசை வந்ததும் தங்கை முன்னால் வந்தாள். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளோடு ஊர்வம்பு பேசினார்கள். தன்னிடம் ஒருவரும் இப்படிச் சிரித்துப் பேசியதில்லையே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, அவள் குனிந்து குனிந்து ரசீது போடுவதைப் பார்த்து ஒரு அம்மாள், “ஐயோ பாவம், இடுப்புல என்னம்மா கோளாறு?” என்று உச்சுக்கொட்டினார்.

“ஒரு நாற்காலி போட்டு உக்காரேன்க்கா.”

“உக்காந்தா எனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க.”

“எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அக்கா மேசையை உயர்த்தச் சொல்லித் தச்சருக்கு ஆள் அனுப்பினாள்.*

* அக்காவை வில்லியாக்கிவிடாதீர்கள். அவள் இல்லாவிட்டால் கடையே இல்லை. பாராட்டுக்குப் பழகிய காது, அவ்வளவுதான்.

5

முடிவு ஒன்று: அக்கா நாற்காலியில் உட்காருகிறாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு— [வேண்டாம். திகட்டுகிறது.]

முடிவு இரண்டு: மேசை உயர்கிறது. தங்கை பின்னறைக்குப் போகிறாள். எல்லோரும் மறுபடியும் அக்காவைப் புகழ்ந்து— [இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் வழக்கமாக நடப்பது இதுதான்.]

மூன்றாவது. தச்சர் அளவு நாடாவோடு நிற்கிறார். “உயர்த்துங்க” என்கிறாள் அக்கா. “நானும் இங்கதான் வேலை பாக்கறேன்” என்கிறாள் தங்கை. தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடையில் காத்திருக்கும் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

“எனக்கு எதுக்கு வம்பு? வந்து போறவங்க நீங்க சொல்லுங்க. எவ்வளவு உயரம் வைக்கட்டும்?”

அக்காவும் தங்கையும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். அவசரமில்லை. உங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொல்லுங்கள்.