இரண்டு அங்குலம்

1998 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. பசறைக் கடைவீதியில் முருகையா தன் சைக்கிள் கடையைத் திறக்க வந்தபோது, ரெங்கசாமி சைக்கிளோடு வாசலில் நின்றான்.

தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் அவன். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களின் கடிதங்களைத் தபாற்கந்தோரில் வாங்கி, ஐந்து மைல் மேலேறி, பதினொரு மணிக்குள் தோட்டத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து இடது முழங்கால் சில்லு உடைந்தது. கட்டு அவிழ்த்த பிறகு கால் பாதிதான் மடங்கியது. பெடல் மேலே வரும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

போன வாரம் முருகையா இரு பக்கமும் பெடலைத் தாங்கும் கிராங்கைக் கழற்றி, இரண்டு அங்குலம் குட்டையானதை மாட்டிக் கொடுத்தான். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் கழற்றியது. முழங்கால் தப்பியது. ஏற்றத்தில் மிதிக்கத்தான் வலு கிடைக்கவில்லை. பாதி வழி தள்ளிக்கொண்டே போனான், தினமும் பிந்தினான். இன்றும் பிந்தினால் நாளை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டத்தான் போக வேண்டும் என்று பெரிய கிளாக்கர் இரகுநாதன் சொல்லிவிட்டார். அந்தக் காலோடு சரிவில் நிற்கவே முடியாது.

"வலது பக்கம் பழசையே மாட்டு" என்றான் ரெங்கசாமி.

"ஒன்னு நெட்ட, ஒன்னு குட்டையா? சைக்கிளயும் நொண்டியாக்கவாண்ணே?"

"ரெண்டு பேரும் சோடியாப் போறோம். மாட்டப்பா."

சீட்டின் உயரத்தை எந்தக் காலுக்கு வைப்பதென்று முருகையாவுக்குத் தெரியவில்லை. நடுவாக வைத்தான்.

ஏற்றத்தில் நல்ல கால் அழுத்தியது. மற்றது கூடவே சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. முன்சக்கரம் ரோட்டின் இரு கரைக்கும் அலைந்தது. ஆனால் அவன் இறங்கவில்லை. பின்னால் வந்த, தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் ஹாரன் அடித்தது. ஒதுங்கப் பார்த்தான், சைக்கிள் நடுவுக்கே இழுத்தது. ஜீப் கானை உரசிக் கடந்து மேலே போனது.

ஆபீஸ் கடிகாரத்தில் பத்து ஐம்பது. பையை மேசையில் வைத்தான்.

"விடியவே குடிச்சுப்போட்டே வாறாய்?" என்றார் இரகுநாதன். "ரோட்டு முழுக்க ஆடினியாம். துரை கண்ணால கண்டவர்."

"ஐயோ, இல்லீங்கய்யா. வேணும்னா மோந்து பாருங்க. நேரத்தோட வந்திருக்கேனே."

"நேரம் சரிதான். துரை எழுதித் தந்திட்டார். நாளைக்கு மலைக்குப் போ."

அவர் கடிதங்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்.

"ஐயா, சைக்கிள் வாசல்லதான் நிக்குது. வந்து அந்தப் பெடல ஒரு சுத்து சுத்திப் பாருங்களேன்?"