எட்டில் ஐந்து

லேப்டாப் கடையில் விற்பனையாளர் முதலில் பிடித்துக்கொண்டது அண்ணியைத்தான். மூன்று பேர் உள்ளே நுழைந்ததில் அவர்தான் பணம் கொடுக்கிற ஆள் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். பிராசஸர், பேட்டரி, உத்தரவாதம் என்று ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். அண்ணி அவர் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அக்காவுக்குக் காது கேக்காதுங்க, என்கிட்ட சொல்லுங்க" என்றாள் என் மனைவி. அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, மறுபடியும் அண்ணியிடமே, இந்த முறை கத்திச் சொன்னார். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது.

அண்ணி என்றால் என் மனைவியின் அக்கா. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறார், பதினோரு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். நான் லிப்ட் மெக்கானிக். கைமொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். அண்ணி எனக்கு வைத்தது, கட்டைவிரலை மேலே தூக்கிக் கீழே இறக்குவது. இறக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகம் கூடுதலாக இருக்கும். அது என் குணத்தைக் குறிக்கிறதா, தொழிலையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லேப்டாப் என் மனைவிக்கு. காது கேட்காத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இருந்த அவள் வேலையை எட்டு மாதத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் மாவு டப்பாக்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைக்கு ஆள் எடுத்தது. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுவார், எதிரே காது கேட்காத நோயாளி இருப்பார். இவள் வீடியோவில் இருந்துகொண்டு டாக்டர் பேசுவதைக் கையால் சொல்ல வேண்டும், நோயாளி கையால் சொல்வதைக் குரலில் சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீட்டில் நாலு வயதிலிருந்து செய்த வேலைதான். தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தேறாவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி எழுதிப் போட முடியும்.

அவர்கள் அனுப்பிய கடிதத்தில் எட்டு ஜிபி மெமரி, வேகமான வைஃபை, பின்னால் வெறும் சுவர், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. எங்கள் கைக்கு எட்டிய லேப்டாப்பில் மெமரி நாலுதான். "ரேமை அப்புறம் ஏத்திக்கலாம் சார், உள்ள ஒரு ஸ்லாட் காலியா இருக்கு" என்றார் விற்பனையாளர். ஒரு பெட்டிக்குள் காலி இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மறுநாள் வீடியோ போட்டுப் பார்த்தோம். அண்ணி கண்ணாடிக் கடையின் பின்னறையிலிருந்து பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்ட கை வாய்க்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். படம் மறுபடி ஓடியபோது நாற்காலி மட்டும் இருந்தது. இடைவேளை முடிந்து அவர் எழுந்து போயிருந்தார். பேச்சு விட்டு விட்டு வந்தால் காது எப்படியோ ஒட்டவைத்துக்கொள்ளும். கை நின்றால் பேச்சே நின்றது.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்தேன். எட்டு ஜிபி ரேம் ஒன்றும், புது வைஃபை கார்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். வைஃபை கார்டு தபால்தலை அளவுதான் இருக்கும்.

"என்னங்க, ஸ்க்ரூ எதுவும் மிஞ்சாதுல்ல?" என்றாள் என் மனைவி.

"பதினாலு மாடி லிப்ட்டைக் கழட்டி மாட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"லிப்ட்ல மிஞ்சின ஸ்க்ரூதான் நம்ம ஜன்னலைப் பிடிச்சிட்டு நிக்குது."

ஜன்னல் உறுதியாகத்தான் இருக்கிறது.

அடிமூடியில் பதினொரு ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தேன். பழைய பஸ் பாஸை விளிம்பில் செருகி நகர்த்திக்கொண்டே போனால் மூடி டிக் டிக்கென்று விடுபட்டது. முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன், மின்சாரத்தை நிறுத்தாமல் எதிலும் கைவைப்பதில்லை. ரேமைச் சாய்வாக நுழைத்து அழுத்தியதும் இரண்டு பக்கமும் கொக்கி பிடித்தது. பழைய வைஃபை கார்டில் கறுப்பும் வெள்ளையுமாக முடி கனத்தில் இரண்டு ஒயர்கள் இருந்தன. கார்டைத் தூக்க முடியாமல் குறுக்கே இன்னொரு ஒயர் போனது. அதன் முனையில் இருந்த சின்னக் கனெக்டரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். புதுக் கார்டை மாட்டி, கறுப்பையும் வெள்ளையையும் அதனதன் இடத்தில் அழுத்தினேன். ஒதுக்கியதை மட்டும் திரும்ப மாட்டவில்லை. ஸ்க்ரூ ஒன்றுகூட மிஞ்சாததால் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லேப்டாப் உயிர்பெற்றது. மெமரி பன்னிரண்டு என்று காட்டியது. அண்ணியை மாடிக்கு அனுப்பி, தெருமுனைக்கு அனுப்பி, திங்கட்கிழமை கடையிலிருந்தும் பேசச் சொல்லி, மொத்தம் இரண்டு மணி நேரம் கையால் பேசிப் பார்த்தோம். ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்ணால்தான் பார்ப்போம். யாராவது அழைப்பு மணியை அடித்தால் விளக்குதான் எரியும். அந்த லேப்டாப்பில் ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று காது கேட்கிற இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை நானும் அண்ணியும் அரைநாள் விடுப்புப் போட்டோம். அறையில் யாரும் இருக்கக் கூடாது என்பதால் கதவு நிலையில் நின்றுகொண்டோம். நிலை அறையில் சேராது என்பது என் கட்சி. பத்து மணிக்குத் திரையில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் டாக்டராக நடிக்கும் தேர்வாளர், கண்ணாடி போட்ட ஆண். மற்றதில் நோயாளியாக நடிக்கும் தேர்வாளர், குட்டை முடி வைத்த பெண், உண்மையிலேயே காது கேட்காதவர்.

அறை அமைதியாக இருந்தது. டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்தேன். பிறகுதான் அவர் வாய் அசைவதைக் கவனித்தேன். என் மனைவியின் விரல் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சின்னக் கனெக்டர் ஸ்பீக்கருடையது. இயர்போன் என் வேலைப் பையில் இருந்தது, பை வேறொரு கட்டடத்தின் பதினாலாவது மாடியில் இருந்தது.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து உள்ளே போய் மேசையின் பக்கவாட்டில், கேமராவில் விழாத இடத்தில் உட்கார்ந்தார். டாக்டரின் உதட்டைப் பார்த்தார், தங்கையின் பக்கம் கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார். தேர்வு என்பதால் அந்த மனிதர் நிறுத்தி நிதானமாகப் பேசினார். அண்ணி இருபது வருடமாக வாடிக்கையாளர்களின் வாயைப் பார்த்தே கண்ணாடி வேலை செய்கிறவர். என் மனைவி ஓரக்கண்ணால் வாங்கி, கேமராவைப் பார்த்துக் கையால் திருப்பிச் சொன்னாள். நோயாளி பதில் சொன்னதும் அதைக் குரலில் சொன்னாள். மைக் மட்டும் நன்றாகவே வேலை செய்தது.

நாலு நிமிடம் இப்படி ஓடியது. விலை குறைந்த லேப்டாப்பின் திரை பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறிவிடும். அண்ணி உதடு தெரிய வேண்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்.

குட்டை முடிக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு ஏதோ கேட்டார். என் மனைவி அதையும் விதிப்படி குரலில் சொன்னாள்.

"அந்த முழங்கை யாரோடது?"

சொன்ன பிறகுதான் கேள்வி தன்னைப் பார்த்து என்று அவளுக்கு உறைத்திருக்கும். பிறகு வாயாலும் கையாலும் சேர்த்துச் சொன்னாள். "ஆரம்பத்துலேருந்தே எனக்குச் சத்தம் வரல. எங்க அக்காவுக்குக் காது கேக்காது. அவங்க உதட்டைப் பார்த்து எனக்குச் சொல்றாங்க."

டாக்டரின் வாய் நீளமாக அசைந்தது. இந்தத் தேர்வு செல்லாது என்கிறார் என்று அண்ணி கையால் சொன்னார். என் மனைவி அதையும் கேமராவுக்குத் திருப்பிச் சொன்னாள். குட்டை முடிக்காரர் டாக்டருக்குப் பதில் சொன்னார். அவருக்குக் கைமொழி தெரியாது, நடுவில் இருப்பவள் இவள்தான். தன் மேல் நடக்கும் விசாரணையைத் தானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"முழங்கையை விடுங்க" என்றாள் என் மனைவி, அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து. "சத்தம் வராததையும் விடுங்க. நீங்க எட்டு விஷயம் சொன்னீங்க. என்கிட்ட எழுதி இருக்கு. எனக்கு வந்தது அஞ்சுதான்." அவள் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "மாத்திரையால தலை சுத்தும்னு சொன்னீங்க, அது வரல. ரிப்போர்ட் தப்பா இருக்கலாம்னு சொன்னீங்க, அது வரல. உங்களுக்கே உறுதியாத் தெரியலைன்னு சொன்னீங்க, அதுவும் வரல. அக்கா இவங்களுக்குச் சொல்லலையா?"

அண்ணி எழுந்து கேமராவுக்கு முன்னால் வந்து நேராக நின்றார். "எட்டையும் சொன்னேன். மூணை இவதான் விட்டா" என்றார் கையால். என் மனைவி அதையும் குரலில் சொன்னாள்.

பிறகு தனக்காக ஒரு வாக்கியம் பேசினாள். "நோயாளியைப் பயமுறுத்த வேண்டாம்னு நெனச்சேன்."

குட்டை முடிக்காரரின் கை சுருக்கமாக அசைந்தது. "பயப்படணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள் என் மனைவி, தன் வாயாலேயே. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்காக இவ்வளவு வருத்தப்பட்டது நினைவில்லை.

அன்று அவள் தேறவில்லை. ஆனால் தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் சொன்னாள் என்பதால், ஒரு வருடம் வேண்டாம், இரண்டு வாரம் கழித்து வரட்டும் என்றார் அந்தப் பெண். இரண்டு வாரம் கழித்து அவளுக்கு வேலை கிடைத்தது. அதைச் சொல்ல ஒரு வரி போதும். சொல்ல வேண்டியது முதல் தேர்வு நடந்த அன்று மதியம் நடந்தது.

கனெக்டரை மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணி எதிரில் நானும் மனைவியும் சண்டை போட்டால் குரலில் மட்டும் போடுவோம். கை மடியில் இருக்கும், முகம் சிரித்தபடி இருக்கும். அவர் மனம் கஷ்டப்படக் கூடாதாம். அன்றும் அப்படித்தான் தொடங்கினாள்.

"ஒரு ஒயரை மாட்ட மறந்துட்டு ஸ்க்ரூவை எண்ணிக்கிட்டு இருந்தீங்க" என்றாள், புன்னகையோடு.

"நீ ஒரு தடவ பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கலாம்ல? எல்லாத்துக்கும் நானேதான் வரணுமா?" என்று நானும் சிரித்தேன்.

அவள் சிரிப்பு நின்றது. மடியிலிருந்து கைகளை எடுத்து மேசைக்கு மேல் வைத்து, அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அக்காவிடம் அப்படியே சொன்னாள். பிறகு என்னைத் திட்டத் திட்டக் கையும் கூடவே சொல்லிக்கொண்டு போனது. நான் சமாளித்ததும், பழைய ஜன்னல் விவகாரத்தை அவள் இழுத்ததும், அவள் வீட்டாரைப் பற்றி நான் சொன்ன ஒரு வேண்டாத வார்த்தையும் ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்தன. நான் பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையால் சொன்னார்.

எனக்குக் கைமொழி தெரியும். அதை மறந்து என் மனைவி, அக்காவின் இடத்தில் இருந்து, எனக்காகக் குரலிலும் சொன்னாள்.

"பதினோரு வருஷமா நீங்க சண்டை போடுறது எனக்குத் தெரியும். என்னைப் பத்தித்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்."