காப்பி போட்டவர்கள்

பொழுது புலர்வதற்குள் அந்தப் பின்னறை அடுப்படியாகிவிடும். சுவரோரம் அடுக்கி வைத்த, சிடி காப்பி போடும் மெஷின்கள் ஒரே மூச்சாய் இரைந்துகொண்டிருக்கும். சத்தம் வெளியே போகக்கூடாதென்று இருந்த ஒற்றை ஜன்னலையும் பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். சூடேறிய பிளாஸ்டிக் நெடியும் காயாத மையின் நெடியும் தொண்டையில் படிந்து, காறினாலும் போகாது. மெஷின் வாய்திறந்து சிடித் தட்டை நீட்டும்போதெல்லாம், ‘வயர்’ என்று எல்லோரும் கூப்பிடும் மெஷின்காரன் அதை விளிம்பில் பிடித்தெடுத்து அக்காவின் பக்கம் தள்ளுவான்.

அக்காவின் வேலை அட்டையும் ஸ்டிக்கரும். பழைய அசல் சிடிக்களின் உறைமேல் மினுமினுக்கும் முத்திரை ஸ்டிக்கரை பிளேடு முனையால் கிழியாமல் நெம்பியெடுத்து, திருட்டுக் காப்பியின் உறைமேல் ஒட்ட வேண்டும். குனிந்த கழுத்து நிமிர மறுக்கும். விரல்நுனியெல்லாம் பிளேடுக் கீறல். கீறலுக்குள் பசை இறங்கித் திகுதிகுவென்று எரியும். அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவரான நெட்டை, சைக்கிளில் வீடு வீடாகப் படம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் அது நேர்மையான சிடி வாடகைக் கடையாகத்தான் இருந்தது. பிறகு ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட்டில் படத்தை எறக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவன் எறக்கியதை ஊரே பகிர்ந்துகொண்டது. வாடகைக்கு வர ஆளில்லை. முதலாளி தன் கடைகளில் பாதியை மூடினார். மிச்சமிருந்தவர்களின் சம்பளத்தை வெட்டினார். அதுவும் போதாமல் ஒருநாள் பின்னறையைத் திறந்துவிட்டு, "ஊரே எறக்குது. நாமளும் எறக்குவோம். புதுப்படம் சிடி வர்றதுக்கு முன்னாடியே நம்மகிட்ட இருக்கணும்" என்றார்.

"இது சட்டப்படி தப்பில்லையா சார்?" என்று அக்கா கேட்டதற்கு, "தப்பு பண்ண பயமா இருந்தா வீட்டுல இரும்மா" என்றார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் அவள் புருஷனுக்கு மாதத்தில் பாதிநாள் வேலை கிடையாது. பள்ளிக்கூடம் போகும் மகள் வேறு. அவள் வீட்டில் இருக்கவில்லை. ஆனால் அன்று புகுந்த பயம் அதன்பிறகு போகவேயில்லை. தெருவில் காக்கி நிறத்தில் ஒரு குடை போனால்கூட அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

முன்பக்கக் கல்லாவில் நின்றவனுக்கு ‘பாதிக்கதை’ என்று பெயர். வருகிறவர்களிடம் படத்தின் பாதிக் கதையை ரகசியம் போலச் சொல்லி, மீதிக்குச் சிடியை எடுத்துக் கையில் திணித்துவிடுவான். காதோடு காதாகப் பேசுகிற அந்த மனிதன் அன்று விடியலில் தொண்டை கிழியக் கத்தினான்.

"சார், கடை இன்னும் தெறக்கல சார்! போலீசா இருந்தாலும் நில்லுங்க சார்!"

கூடவே நடுக்கதவை அவன் இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்ட ஓசை. அடுத்து யாரோ கன்னத்தில் அறைந்த ஓசை.

வயர் கொல்லைக் கதவை உதைத்துத் திறந்தான். அக்கா எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. குப்பைச் சந்து வழியாக, யாரோ வீட்டுக் கொடியில் தொங்கிய ஈரத்துணி முகத்தில் அறைய ஓடினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்தாள். அதற்குமேல் தெருவில் வந்த ஒவ்வொரு பைக்கும் அவளைப் பிடிக்கத்தான் வந்தது.

மத்தியானம் நெட்டை வந்தார். சைக்கிளைத் தெருவிலேயே போட்டிருந்தார்.

"மெஷினெல்லாம் தூக்கிட்டாங்க அக்கா. படக் கம்பெனி ஆளுங்களும் கூட வந்திருக்காங்க. பாதிக்கதையை வண்டியில ஏத்திட்டாங்க. முதலாளி நம்மள வீட்டுக்கு வரச் சொல்றாரு."

முதலாளி வீட்டுக் கார் கொட்டகையில் அக்காவுக்கும் வயருக்கும் நெட்டைக்கும் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் இவர்களை உட்காரச் சொன்னது அதுவே முதல்முறை. அக்காவுக்கு அந்த மரியாதையே பீதியாக இருந்தது.

"விஷயம் ஒண்ணும் பெருசில்ல" என்றார் முதலாளி. "பின்னறையில நடந்தது எனக்குத் தெரியாது. பாதிக்கதைதான் எனக்குத் தெரியாம, தானே மெஷின் வெச்சு, தானே காப்பி போட்டு வித்திருக்கான். நாளைக்குக் காலையில நீங்க மூணு பேரும் ஸ்டேஷனுக்கு வந்து அதைச் சொல்லிட்டுப் போயிடுங்க."

"தெரியாதா?" வயர் எழுந்துவிட்டான். "மெஷினை வாங்கிக் குடுத்தது நீங்க. என்ன படம் போடணும்னு தெனம் போன்ல சொன்னது நீங்க."

"எவன்டா சொன்னான்? மெஷின்மேல இருக்கிறது என் கைரேகையா, உன் கைரேகையா?" அவர் பார்வை அக்காமேல் வந்து நின்றது. "ஸ்டிக்கர் மேல யாரோட கைரேகை?"

அக்கா கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

நெட்டை மெதுவாகக் கேட்டார். "அவன் கதி என்ன சார்?"

"வக்கீல் வெச்சு எடுத்துடுவேன். அவன் வீட்டையும் பாத்துக்குவேன். நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதானே?"

"ஒரே குடும்பம்னா சம்பளம் கொறைஞ்சப்ப உங்க வீட்டு அடுப்பும் கொஞ்சம் அணைஞ்சிருக்கணுமே சார்" என்றார் நெட்டை.

முதலாளியின் குரல் உடைந்தது. "என்னை என்ன பண்ணச் சொல்ற? ஊரே ஓசியில எறக்கிப் பாக்குது. அவனுங்கள்ல ஒருத்தனையாவது புடிச்சாங்களா? நான் கட்டுன கடைங்க என் கண்ணு முன்னாடியே போச்சு." ஒரு கணம் அக்காவுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு வரலைன்னா உங்க பேரையும் நானே சொல்லிடுவேன். அவ்வளவுதான். போங்க."

வெளிக்கேட்டில் பாதிக்கதையின் மனைவி நின்றிருந்தாள். காவலாளி உள்ளே விடவில்லை போலும். அக்காவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஸ்டேஷன்ல அடிக்கிறாங்க அக்கா. கூட யாரு யாருன்னு கேக்குறாங்களாம். இவர் வாயே தெறக்கலையாம். என்னதான் நடந்துச்சு, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றாள் அக்கா. "நான் இன்னிக்கு வேலைக்கே வரல."

அந்தப் பெண் பிடித்த கையை மெல்ல விட்டாள்.

வீட்டில் அக்கா மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பசை போய்த் தோலும் போயிற்று. புருஷன் துணியைப் பிடுங்கினான்.

"கையை உரிச்சு எறிஞ்சுட்டா கேஸ் போயிடுமா? முதலாளி சொன்னதைச் சொல்லிட்டு வந்துடு. நமக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"பாதிக்கதைக்கும் பொண்டாட்டி இருக்கா."

"அதுக்கு?"

"அவன் கதவைச் சாத்தலைன்னா நான் இப்போ இங்க உக்காந்திருப்பேனாங்க? ஓடியிருக்கலாம். அவனுக்கு நடுக்கதவு பக்கத்துலதான் இருந்துச்சு. நின்னு சாத்தினான்." அவள் அழ ஆரம்பித்தாள். "அவ என் கையைப் புடிச்சுக் கேட்டா. நான் வேலைக்கே வரலைன்னு சொல்லிட்டு வந்தேன்."

புருஷன் துணியைச் சுருட்டிக் கீழே வைத்தான். "பயமா இருக்கு" என்றான்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்று அவள் எழுந்தாள்.

வயர் தன் அறையில் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"எங்கயாச்சும். இந்த ஊர்ல இருக்க முடியாது அக்கா."

"நீ போயிட்டா எல்லாம் அவன் ஒருத்தனே செஞ்சதா ஆயிடும்."

"நின்னா நானும் செஞ்சதா ஆயிடும்!"

"செஞ்சோமா இல்லையா?"

வயர் பையின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். "தனியா போயி சொன்னா மென்னு தின்னுடுவாங்க" என்றான்.

"அதான் தனியா போக வேண்டாங்குறேன்."

நெட்டையையும் கூட்டிக்கொண்டு மூவரும், தையல்கடை மாடியில் இருந்த கடைத் தொழிலாளர் சங்கத்துக்குப் போனார்கள். அந்தப் படியை மிதித்தால் வேலை போகும் என்று முதலாளி மிரட்டி வைத்திருந்த இடம். செயலாளர் நரை ஓடிய ஒரு பெண்மணி. ஒன்றுவிடாமல் கேட்டாள். பிறகு மழுப்பாமல் சொன்னாள்.

"காப்பி போட்டது குத்தம். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். படம் எடுக்கிற இடத்துலயும் லைட்டு தூக்கிக் கூலிக்கு வேலை செய்றவங்க இருக்காங்க. ஆனா யார் சொல்லி, யார் லாபத்துக்கு நடந்ததுன்னு கேஸ்ல வரணும். நீங்க வாய் தெறந்தா உங்களையும் உள்ள வைக்கலாம். ஜாமீன் கிடைக்கும்னு நம்புறேன். சத்தியம் பண்ண முடியாது."

"நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்றார் நெட்டை.

"பொய் சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போனா, எனக்கும் உங்க முதலாளிக்கும் என்ன வித்தியாசம்?"

கீழே தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது.

"முதலாளியோட மத்தக் கடை ஆளுங்களுக்கும் இது தெரியுமில்ல?" என்று அக்கா கேட்டாள். "எங்ககிட்ட இருந்துதானே அவங்களுக்கும் காப்பி போச்சு? நாளைக்கு அவங்க கடையிலயும் யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க. அவங்களையும் கேப்போம்."

செயலாளர் போனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் முதலாளியின் கார் முன்கூட்டியே நின்றிருந்தது. பக்கத்தில் வக்கீல். மூவரும் வருவதைப் பார்த்து முதலாளி சிரித்தார். அவர்களுக்குப் பின்னால் செயலாளர் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கும் பின்னால், தெருமுனையில், மற்றக் கடைகளின் கல்லாக்காரர்களும் கடை பெருக்குகிற ஒரு பெண்ணும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்ட எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் முகத்திலும் வீரம் எதுவுமில்லை. தூங்காத கண்கள்தான்.

"என்ன அக்கா, பேசினதை மறந்துட்டியா?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"எதையும் மறக்கல சார். எல்லாத்தையும் சொல்லத்தான் வந்திருக்கோம்."

"உன் பொண்ணை நெனச்சுப் பாத்தியா?"

அக்காவுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. சுவரோர பெஞ்சில் பாதிக்கதையின் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா முதலாளியை விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

"நேத்து நான் பொய் சொன்னேம்மா. நானும் உள்ளதான் இருந்தேன். எங்களைத் தப்பிக்க விட்டுட்டுத்தான் உன் வீட்டுக்காரர் மாட்டினாரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

உள்ளேயிருந்து வந்த போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன இது, சந்தையா? சாட்சி சொல்ல வந்தவங்க யாரு?"

"சாட்சி இல்ல சார்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாக இருந்தது. இன்னொரு முறை சொன்னாள். "சாட்சி இல்ல. நாங்களும் செஞ்சோம். எங்க முதலாளி சொல்லிக் கூலிக்குச் செஞ்சோம். உள்ள இருக்கிறவர் ஒருத்தர் மேல மட்டும் போடாதீங்க."

"நானும்தான் சார். மெஷின் ஓட்டினது நான்" என்றான் வயர்.

"வீடு வீடா கொண்டுபோயிக் குடுத்தது நான்" என்றார் நெட்டை.

"எங்க கடையில வித்தது நான்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வக்கீல் முதலாளியின் காதில் அவசரமாக ஏதோ சொன்னார்.

போலீஸ்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "சரி. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

யாரும் அசையவில்லை. உள்ளே போனால் மாலையில் மகள் பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறக்கத் தான் இருப்போமா என்று அக்காவுக்குத் தெரியாது.

"ஒவ்வொருத்தரா வர மாட்டோம் சார்" என்றாள். "எல்லாரும் சேர்ந்துதான் வருவோம்."

வாசல் குறுகல். அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.