கைலி கட்டி நடந்த பாய்லர் பரீட்சை

சத்தியநேசன் பாய்லர் வேலைக்கு வந்தபோது அவனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு கோர்ட்டில் பங்கா என்கிற கூரைத் துணிவிசிறியை இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே முனிசீப்புக்குக் காற்று வர, வெளியே வராந்தாவில் உட்கார்ந்து இவன் கயிற்றை இழுக்க வேண்டும். சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில், நிலத்தகராறு வழக்கில் சாட்சி பேசிக்கொண்டே போக, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டியபடியே சத்தியநேசன் தூங்கிப்போனான். முனிசீப்பின் நெற்றி வியர்வை, அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தில் சொட்டி மை பரவியது. அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது.

அவன் மனைவி ஜெபராணிக்கு அது பெரிய அடி. சர்க்கார் உத்தியோகஸ்தன் பெண்சாதி என்று வேதக்கோயிலில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து பழகியவள். புருஷன் பேட்டையில் தில்லைநாயகம் பிள்ளையின் அரிசி மில்லில் உமி அள்ளிப் போடப் போகிறான் என்றதும் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

ஆனால் சத்தியநேசனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. கயிறு இழுத்து ஒரு துணியை அசைத்துக்கொண்டிருந்தவன் அவன். இங்கே இவன் ஒரு கூடை உமியை அடுப்புக்குள் தள்ளினால் பாய்லருக்குள் தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியே ஓடி, அடுத்த அறையில் ஆள் உயரச் சக்கரம் சுற்றியது. அதன் தோல்பட்டை இழுக்க, உலக்கைகளெல்லாம் குதித்தன. நெல் அரிசியாகி வந்து விழுந்தது. முதல் வாரம் முழுக்க அவன் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றான்.

பாய்லருக்குப் பொறுப்பாளி அகமது மீரான். மேலப்பாளையத்துக்காரன், இருபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் பஞ்சு அழுத்தும் மில்லில் வேலை பழகி, சர்க்கார் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியவன். சர்டிபிகேட் இல்லாதவன் கையில் பாய்லரை விடக்கூடாது என்பது சட்டம். மீரானுக்குக் கொழும்பில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் நல்ல வேலை தயாராயிருந்தது. தில்லைநாயகம் பிள்ளை அவனை விடுவதாக இல்லை.

“உனக்குப் பதிலா சர்டிபிகேட்டு உள்ள ஒருத்தனை நிறுத்திட்டு நீ கொழும்புக்குப் போ, சீமைக்குப் போ. அதுவரைக்கும் இங்கனதான் கெடக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

மீரான் சுற்றுமுற்றும் பார்த்தான். உமி அள்ளுகிறவர்களில், சாப்பாட்டு நேரத்திலும் பாய்லரை விட்டு நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சத்தியநேசன் ஒருவன்தான்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எழுத்து தெரியுமா?”

“மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். என்ன விஷயம்?”

“ஒங்களைப் பாய்லர் டிரைவர் ஆக்கப்போறேன். இல்லேன்னா நான் கொழும்பைக் கனவுலதான் பாக்கணும்.”

அன்றைக்கே பாடம் ஆரம்பமாகிவிட்டது. தன்னைவிடப் பத்து வயது சின்னவனிடம் சத்தியநேசன் கைகட்டி நின்றான். மீரானுக்குப் பொறுமை கிடையாது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

“தண்ணிமட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயில தண்ணி எங்க நிக்கி?”

“பாதிக்கு மேல.”

“அது நெசமான தண்ணிதானா? குழாய் அடைச்சிக்கிட்டும் நிக்கலாம்லா? தொறந்து ஊதிப் பாத்தியளா?”

“இல்லையே.”

“அப்போ நம்ம ரெண்டு பேரும் வெடிச்சு மௌத்தாயிட்டோம். அடுத்த கேள்வி.”

ஒருநாள் புகைபோக்கிக் கதவைத் திறக்காமலே சத்தியநேசன் அடுப்பு வாயைத் திறந்துவிட்டான். நெருப்பு ஒரு நாக்கை வெளியே நீட்டி அவன் புருவம் இரண்டையும் நக்கிக்கொண்டு போயிற்று. வீட்டுக்குப் போனதும் ஜெபராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னங்க, முட்டைக்குக் கண்ணு வச்ச மாதிரி வந்து நிக்கிய?”

சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தேங்காயெண்ணெய் எடுத்து வந்து பைய தடவிவிட்டாள். மில்லைப் பற்றி அவள் முதல்முதலாகக் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். சத்தியநேசன் அடுப்படியில் உட்கார்ந்து, சாதம் பொங்கும் பானையைக் காட்டியே பாய்லரை விளக்கினான். பாதி விளக்கத்தில் சாதம் அடிப்பிடித்துவிட்டது.

இப்படியாக ஒரு வருஷம் ஓடியது. தை மாதத்தில், பாய்லரைச் சோதித்து, அப்படியே சத்தியநேசனையும் பரீட்சை பண்ண இன்ஸ்பெக்டர் துரை வருவதாகத் தகவல் வந்தது.

அன்று தில்லைநாயகம் பிள்ளை ஜரிகைத் தலைப்பாகை கட்டி, மில் வாசலில் வாழைமரம் நட்டிருந்தார். சத்தியநேசன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உதடு அசையக் கேள்விகளையும் பதில்களையும் உருப்போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை உள்ளே வந்தார்.

“ஏவே சத்தியநேசன், துரை வண்டி வாய்க்கால் பாலத்துக்கு வந்தாச்சாம். நம்ம ஆவிச் சங்கை ஒரு ஊது ஊதும்!”

“வேண்டாம் மொதலாளி. சங்கு ரெண்டு நாளா கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்றான் மீரான்.

“இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எவன் மில்லுல சங்கு இருக்கு? துரை கேக்கட்டும்வே!”

சத்தியநேசன் சங்கின் கம்பியை இழுத்தான். சங்கு ஊதியது. கம்பியை விட்டான். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

கம்பியை மறுபடி இழுத்து விட்டான். ஆட்டினான். சங்கு நிற்கவில்லை. மில்லுக்குள் யார் என்ன பேசினாலும் வாய் அசைவதுதான் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. நெல் காயப்போட்டிருந்த பெண்கள் களத்தை விட்டு ஓடினார்கள். பாய்லர் வெடிக்கப்போகிறது என்று யாரோ கையை விரித்துக் காட்ட, சத்தியநேசனும் கதவுக்கு வெளியே ஓடினான். உமிக்குவியல் வரைக்கும் ஓடியவன் அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பி ஓடினான்.

மீரான் கையைக் கட்டிக்கொண்டு தூணருகே நின்றான். அவன் நகரவில்லை. ஒங்க பாய்லர், நீங்களே பாருங்க என்பதுபோல் மோவாயை ஆட்டினான்.

சத்தியநேசன் முதலில் கண்ணாடிக் குழாயைத் திறந்து ஊதிப் பார்த்தான். தண்ணீர் உண்மையாகவே இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட விட்டான். அடுப்புக்குக் காற்று போகும் கதவைச் சாத்தினான். அதற்குள் பிள்ளை ஒரு குடம் தண்ணீரோடு அடுப்பில் கொட்ட ஓடி வந்தார். எரிகிற அடுப்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சத்தியநேசன் முதலாளி என்றும் பார்க்காமல் குடத்தைப் பிடுங்கினான். ஒரு சாக்கை அதில் முக்கிக் கையில் சுற்றிக்கொண்டு, சுத்தியலை இடுப்பில் செருகி, ஏணியில் ஏறினான். மேலே வெந்த காற்று. சங்கின் அடியில் இருந்த ஆவியை அடைக்கும் சின்னத் திருகுப்பிடியைப் பற்றித் திருப்பினான். அது அசையவில்லை. சுத்தியலால் பக்கத்தில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மறுபடி திருப்பியபோது இளகியது. சங்கு முனகி, இருமி, ஓய்ந்தது.

அந்த அமைதியில் ரோட்டிலிருந்து வண்டிக்காரன் கத்துவது தெளிவாகக் கேட்டது.

“ஐயோ, துரை வாய்க்கால்ல கெடக்காரே!”

சங்குச் சத்தத்தில் மாடுகள் மிரண்டு, வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டிருந்தன. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் துரை எழுந்து நின்று தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். தொப்பி டவுன் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அடி ஒன்றும் படவில்லை. உடம்பெல்லாம் சேறு. மெட்ராஸில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரத் துரை என்பதால், தமிழிலேயே நன்றாகத் திட்டினார்.

மீரான் ஓடிப்போய்த் தன் புதுக் கைலியைக் கொண்டுவந்து கொடுத்தான். கொழும்புப் பயணத்துக்கென்று வாங்கி வைத்தது. துரை அதைக் கட்டிக்கொண்டு, மேலே பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, பாய்லர் அருகே முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கால்சட்டையும் கோட்டும் நீராவிக் குழாயின் மேல் காய்ந்துகொண்டிருந்தன.

இதற்குள் சங்குச் சத்தம் கேட்டு ஜெபராணி வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள். புருஷன் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எவன் பரீட்சைக்கு நிக்கறது?” என்றார் துரை.

சத்தியநேசன் முன்னே வந்தான். துரை முதல் கேள்வியைக் கேட்டார். அவனுக்கு ஒரு வருஷமாக உருப்போட்டதெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இரண்டாவது கேள்விக்கும் விழித்தான். மீரான் தூணில் தலையை முட்டிக்கொண்டான்.

துரை மூக்கை உறிஞ்சினார். “சரி, கேள்வியை விடு. சங்கு நிக்கலைன்னதும் என்ன செஞ்சே? மொதல்லேருந்து சொல்லு.”

“மொதல்ல ஓடிட்டேன் தொரை.”

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

“எதுவரைக்கும்?”

“உமிக்குவியல் வரைக்கும்.”

“அப்புறம் ஏன் திரும்பி வந்தே?”

“அங்கன நின்னா கண்ணாடி தெரியலை தொரை. உள்ள தண்ணி எவ்வளவு கெடக்குன்னு தெரியாம வெளிய நிக்கதுதான் கூடப் பயமா இருந்துச்சு.”

துரை அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் கைலி அவிழப் பார்த்தது; அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

“மேல சொல்லு.”

அதற்கப்புறம் சத்தியநேசனுக்குத் தடையில்லை. பம்பைச் சொன்னான், காற்றுக் கதவைச் சொன்னான், குடத்தைப் பிடுங்கியதைச் சொல்லும்போது மட்டும் முதலாளி பக்கம் பார்க்காமல் சொன்னான். கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று துரை இடைமறித்தார். “பம்பைத் தொட்டிருக்க மாட்டேன். காஞ்ச தகட்டுல பச்சைத் தண்ணி பட்டாத்தான் ஆபத்து. நெருப்பை வெளிய இழுத்துப் போட்டிருப்பேன்” என்றான். கேள்விகள் மேலும் வந்தன. அவன் குழாய்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னான். ஒன்றிரண்டு தப்பாகவும் போயிற்று, துரை திருத்தினார்.

கடைசியில் எழுந்து, காய்ந்த கால்சட்டையை எடுத்துக்கொண்டார்.

“பாஸ். சர்டிபிகேட் மெட்ராஸ்லேருந்து வரும். பிள்ளை, அந்தச் சங்கைக் கழட்டிப் பழுது பாக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அடுத்த வருஷம் நான் நடந்தே வர்றேன்.”

பிள்ளை துரைக்கு இளநீர் வெட்டப் போனார். மீரான் சத்தியநேசனை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

“கொழும்பு! அண்ணாச்சி, கொழும்பு!”

“எறக்குலே, எறக்கு, கை வெந்து கெடக்கு!”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். சாக்கையும் மீறி உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருந்தது. ஜெபராணி எழுந்து வந்து அந்தக் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு ஊதினாள். ஊதிக்கொண்டே, கொப்புளத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

“ஏங்க, கோயில்ல யாராவது கேட்டா என்னன்னு சொல்லணும்? பாய்லர் டிரைவரா, இல்ல வேற பெரிய பேரு ஏதும் இருக்கா?”

“மீரான்ட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றான் சத்தியநேசன்.